இன்வாய்ஸில் ‘லேஸ்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி ஊர்களில் லேஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் காக்காமார்களுக்கும், பர்தாவும் சுடிதாரும் தைக்கும் கூடங்களை நடத்தும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து தூத்துக்குடியில் வந்திறங்கும் அலங்கார லேஸ், பார்டர், குஞ்சம் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் தயாரிக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: சரக்கை வாங்கும் இடத்திலேயே, அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை எழுதி வாங்குங்கள். கடை மேசையில் அகலம் குறைந்த, அழகுக்கு வைத்துத் தைக்கிற எல்லாமே லேஸ்தான். ஆனால் சுங்கத் தீர்வை அட்டவணையில் அதே சரக்கு ஆறேழு தலைப்புகளில் பிரிந்து கிடக்கிறது. எந்தத் தலைப்பு என்பதை முடிவு செய்வது அதன் அழகும் அல்ல, கழுத்தில் தைக்கிறோமா கையில் தைக்கிறோமா என்பதும் அல்ல. நூல் எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் ஊசியும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். ஒரு சாண் நீளம் வெட்டி, ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள்.

நீளவாக்கில் பாவும் குறுக்கே ஊடையும் ஓடினால் அது நெசவு, பரமக்குடித் தறியில் சேலை நெய்வது போல. அகலம் 30 செ.மீ.க்கு மேற்படாமல், இரண்டு ஓரமும் கரை கட்டியிருந்தால் தலைப்பு 5806. பெரிய துணியிலிருந்து வெட்டி எடுத்த பட்டையானாலும், ஓரம் பிரியாதபடி பசை போட்டோ வேறு வகையிலோ கரை கட்டியிருந்தால் அதுவும் இதில்தான் வரும். எடையில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ ரப்பர் அல்லது ஸ்பான்டெக்ஸ் இருந்தால் 5806.20க்குப் போய்விடும். நூறு கிராமில் நாலு கிராம் எலாஸ்டிக் என்றால் ஓர் இடம், ஆறு கிராம் என்றால் வேறு இடம். ஆகவே “கொஞ்சம் இழுவை இருக்கும்” என்று சப்ளையர் சொன்னால் அது எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். ஒரு விதிவிலக்கும் உண்டு: தறியிலேயே ஓரத்தில் தொங்கல் விட்டு நெய்த பட்டை 5806இல் நிற்காது, 5808க்குப் போகும்.

சடை பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா நூலும் சாய்வாக ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்த் திரும்பும், குறுக்கே ஊடை என்று தனியாக எதுவும் இருக்காது. நீளவாக்கில் இழுத்தால் அகலம் குறுகும். இதுதான் 5808.10இல் வரும் பின்னல் பட்டை. இதையே இறுக்கி, கெட்டியான கயிறாகப் பின்னியிருந்தால் 5607 என்ற கயிறு தலைப்புக்கு மாறும். நம் கரையில் பனையோலையை வைத்துப் பின்னுகிற பின்னலும் பார்வைக்கு அதே முறைதான், ஆனால் பொருள் ஓலை என்பதால் அது அட்டவணையின் 46ஆம் அத்தியாயம். 5 மி.மீ.க்கு மேல் அகலமான பிளாஸ்டிக் நாடாவைப் பின்னிய பட்டையும் ஓலையோடுதான் சேரும், துணியோடு சேராது.

அதிகம் தவறுவது அடுத்த வகையில். கிரோஷே மெஷினில் ஓடிய பார்டர், பார்வைக்குப் பின்னல் பட்டை போலவே இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் வளையம் வளையமாகச் சங்கிலி ஓடும். ஒரு முனையில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால், அரிசி மூட்டையின் வாய்த் தையல் உருவிக்கொண்டு வருவது போல வரும். வளையத்தால் ஆனது நிட்டிங். 5808 தலைப்பின் வாசகமே நிட்டிங்கையும் கிரோஷேவையும் வெளியே நிறுத்துகிறது. 30 செ.மீ.க்குள் இருந்தால், 5 விழுக்காடோ அதற்கு மேலோ எலாஸ்டிக் அல்லது ரப்பர் இருக்கிற வகை 6002, மற்றது 6003. அகலம் அதற்கு மேல் போனால் 6004, 6005, 6006 என்று விரியும். அகல ரோலாக வாங்கி இங்கே வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2025 பட்ஜெட்டில் நிட்டிங் துணி இனங்கள் ஒன்பதுக்கு அடிப்படைத் தீர்வையை 20 விழுக்காடு அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது என்று மாற்றினார்கள். விலை மலிந்த, எடை மிகுந்த சரக்குக்கு அந்தக் கிலோக் கணக்குதான் சுமை.

இனி பர்தா முன்பக்கத்துக்கு எல்லோரும் கேட்கிற கெமிக்கல் லேஸ். பெயரில் லேஸ் இருக்கிறது, அட்டவணையில் அது எம்பிராய்டரி. தண்ணீரிலோ ரசாயனத்திலோ கரையக்கூடிய துணியின் மேல் எம்பிராய்டரி போட்டு, பிறகு அடித்துணியைக் கரைத்துவிடுகிறார்கள். தையல் மட்டும் எஞ்சுகிறது. அதனால் தலைப்பு 5810.10, அடித்துணி தெரியாத எம்பிராய்டரி. பின்பக்கம் பார்த்தால் அடிநூலும் மேல்நூலும் கொக்கி போட்டு நிற்பது தெரியும். நெட் துணி மேல் பூ வேலை போட்டதும் 5810தான், அங்கே நெட் கண்ணுக்குத் தெரியும் அடித்துணி. அடித்துணி எதுவுமின்றி, நூலை நூலோடு முறுக்கியும் சுற்றியும் டிசைனை உண்டாக்கியது மட்டுமே 5804இல் வரும் உண்மையான லேஸ்.

இதில் பலரும் தவறவிடுகிற ஒரு நுணுக்கம் உண்டு. எம்பிராய்டரிக்கு எந்த இழை என்று பார்க்கும்போது அடித்துணியை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். காட்டன் துணி மேல் பாலியெஸ்டர் நூலில் எவ்வளவு அடர்த்தியாக வேலை போட்டிருந்தாலும் அது காட்டன் எம்பிராய்டரி, 5810.91. அடித்துணி தெரியாத கெமிக்கல் வகையில் மட்டும் வேலை போட்ட நூலைப் பார்க்க வேண்டும். மொத்தமாக எடை போட்டு “பாலியெஸ்டர் 70 விழுக்காடு” என்று எழுதித்தரும் சான்றிதழ் இங்கே வழிதவற வைக்கும்.

சமிக்கியும் மணியும் துணிப் பட்டையில் தைத்திருந்தால் அதுவும் 5810. தைத்திருக்க வேண்டும் என்பது முக்கியம். பசையால் ஒட்டிய கல்வேலையைத் தைத்த வேலை என்று காட்டக் கூடாது. துணியே இல்லாமல் நூலில் கோத்து வரும் பிளாஸ்டிக் சமிக்கி 39ஆம் அத்தியாயம், உதிரிக் கண்ணாடி மணி 7018. குஞ்சமும் பாம்பாமும் தனித்தனி உருப்படியாக வந்தாலும் 5808.90இல் நிற்கும். ஏர்வாடி தர்கா போர்வைகளுக்கு வைக்கிற சரிகைக் குஞ்சத்துக்கும் இதே இடம்தான்.

சரிகை பற்றி ஒரு வார்த்தை. நெய்த பட்டையில் எந்த இழை மிகுதி என்பதை எடையால் கணக்கிடும்போது, சரிகை நூலின் உள்நூலையும் மேல் உலோகப் பூச்சையும் பிரிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து ஒரே பொருள். பாலியெஸ்டர் உள்ளே இருக்கிறது என்பதற்காக அந்த எடையைப் பாலியெஸ்டர் கணக்கில் போட்டால் உட்தலைப்பு தவறும்.

இன்வாய்ஸ் வரி இப்படி இருக்கட்டும்: “கெமிக்கல் எம்பிராய்டரி, அடித்துணி கரைக்கப்பட்டது, நூல் 100 விழுக்காடு பாலியெஸ்டர், அகலம் 6 செ.மீ., ரோல் ஒன்றுக்கு 15 கெஜம், அதாவது 13.7 மீட்டர், ரோல்கள் இத்தனை, அட்டை நீக்கிய நிகர எடை இத்தனை கிலோ.” வியாபாரம் கெஜத்தில் நடந்தாலும் இந்தத் தலைப்புகளுக்கு அளவு கிலோதான். அட்டையோடும் ஸ்பூலோடும் நிறுத்த எடையை நிகர எடையாகப் போட்டால், கிலோக் கணக்குத் தீர்வை உள்ள இனத்தில் அட்டைக்கும் சேர்த்துத் தீர்வை கட்டுவீர்கள். ஒரு கார்ட்டனில் எட்டு வகை கலந்திருந்தால் எட்டு வரி எழுத வேண்டும். “அசார்ட்டெட் லேஸ்” என்ற ஒற்றை வரி, பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று நீங்களே கேட்பதற்குச் சமம்.

சப்ளையர் தரும் எச்.எஸ். கோடை, அதாவது சரக்கின் தலைப்பு எண்ணை, அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதல் ஆறு இலக்கங்கள்தான் உலகத்துக்குப் பொது, மீதி அந்தந்த நாட்டுடையது. அந்த ஆறும்கூட அவர் ஊரின் வசதிக்காக எழுதியதாக இருக்கலாம். 2011 முதல் நம் சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தீர்வையைத் தானே மதிப்பிடும் பொறுப்பு இறக்குமதியாளருக்கு. கட்டிய தீர்வை குறைவு என்று பின்னாளில் தெரிந்தால் சுங்கத்துறை அதை 28ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை கேட்கலாம், மறைத்ததாகக் கருதினால் ஐந்து ஆண்டு வரை. அதற்கு வட்டியும் உண்டு. விற்றுத் தீர்ந்த சரக்குக்கு வரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, கையில் சாம்பிள் இருந்தால்தான் முடியும். ஆகவே ஒவ்வொரு டிசைனிலும் இரண்டு மீட்டர் வெட்டி, ரோல் எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் எழுதி ஐந்து ஆண்டு வைத்திருங்கள். இந்தப் பழக்கம் பல கடைகளில் இல்லாதது எங்களுக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

உறுதியாகத் தெரியாத சரக்கு துறைமுகத்துக்கு வந்துவிட்டதா? ஊகித்து எழுத வேண்டாம். 18ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேளுங்கள். பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொண்டு, ஆய்வக முடிவு வந்தபின் கணக்கை முடித்துக்கொள்ளலாம். சாம்பிள் எடுக்கும்போது முழு டிசைனும் ஒருமுறையாவது அதில் வர வேண்டும் என்று உங்கள் ஏஜென்ட் கேட்கட்டும். பூ இல்லாத துண்டு ஆய்வகம் போனால் வெறும் நெட் என்றுதான் முடிவு வரும். ஒரே வகையைத் திரும்பத் திரும்ப வரவழைப்பவர்களுக்கு முன்கூட்டியே தீர்ப்புப் பெறும் வழியும் இருக்கிறது. அதற்கான ஆணையம் மும்பையிலும் டெல்லியிலும் உள்ளது.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் தம்பியின் பெட்டியில் பத்து ரோல் போட்டு அனுப்புவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடையில் விற்க வரும் சரக்கு பயணியின் சொந்தச் சாமான் ஆகாது, பயணிக்குரிய சலுகையும் அதற்குக் கிடையாது. விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவன் அந்தப் பிள்ளைதான், நீங்கள் அல்ல. அவனிடம் அதைக் கொடுத்தனுப்பாதீர்கள்.

பெருநாள் சரக்குக்கு ஆர்டர் போடும் முன், சப்ளையரிடம் ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு மீட்டர் சாம்பிளும், நெசவா, பின்னலா, நிட்டிங்கா, எம்பிராய்டரியா, உண்மையான லேஸா என்ற ஐந்தில் ஒரு சொல்லும் கேட்டு வாங்குங்கள். சொல்லும் சாம்பிளும் ஒத்துப்போகிறதா என்று ஊசியால் பிரித்துப் பார்த்த பிறகு முன்பணம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கரைக் கடைகளின் இறக்குமதிக் காகிதங்களைத் தயாரிப்பவர்கள்