காடைக் குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஐந்தாம் வகுப்பின் அறிவியல் பாடத்துக்காக இன்குபேட்டரில் வைத்த 24 காடை முட்டைகளில் 16 முட்டைகள் பொரித்ததையும், அந்தக் குஞ்சுகளுக்கு இன்றோடு பன்னிரண்டு நாள் ஆவதையும் உங்கள் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். "நம் வீட்டிலும் ஒன்று வளர்க்கலாமா?" என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். குஞ்சுகளைப் பள்ளி யாருக்குத் தரப்போகிறது என்று உங்களில் பலர் வாசலில் நின்று என்னிடம் கேட்டீர்கள். விருப்பமுள்ள வீடுகளுக்குத் தருவோம். ஆனால் கேட்டவுடன் தர மாட்டோம். அதற்கான காரணங்களையும், புதிதாகக் காடை வளர்ப்பவர் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவற்றையும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு, வீட்டிலுள்ள பெரியவர்கள் கலந்து பேசி முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். பறவையை ஆசையோடு கேட்பது பிள்ளையாக இருந்தாலும், அதன் உயிருக்குப் பொறுப்பேற்கப் போகிறவர் நீங்கள்தான்.

முட்டைகளை இன்குபேட்டரில் வைத்த பதினேழாம் நாள் காலையில் முதல் முட்டையின் ஓட்டில் ஊசிமுனை அளவு விரிசல் தெரிந்தது. மாலைவரை வேறு எந்த மாற்றமும் இல்லை. பிள்ளைகள் பொறுமை இழந்து, "ஓட்டை நாம் உடைத்துவிடலாமா?" என்று கேட்டார்கள், கூடாது என்று ஆசிரியர் தடுத்துவிட்டார். ஓட்டின் உட்புறச் சவ்வில் ஓடும் இரத்தமும் மீந்திருக்கும் மஞ்சள் கருவும் குஞ்சின் உடலுக்குள் இழுத்துக்கொள்ளப்படும் நேரம் அது. அவசரப்பட்டு உடைத்தால் குஞ்சு இரத்தம் இழந்து இறந்துவிடலாம். பள்ளி விடும் வேளையில் அந்தக் குஞ்சு முட்டைக்குள்ளேயே மெல்லச் சுழன்று, அலகு நுனியால் ஓட்டை வட்டமாக அறுத்து, டப்பாவின் மூடியைத் தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. எடை பார்த்தபோது ஏழு கிராம். ஒரு புதிய பென்சில் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும்.

குஞ்சுகள் பொரித்த இரண்டாம் நாள் காலை ஒரு குஞ்சு தண்ணீர்த் தட்டில் விழுந்து இறந்துகிடந்தது. ஒரு விரற்கடை ஆழம்கூட இல்லாத தட்டுதான் அது. தவறு பெரியவர்களாகிய எங்களுடையது என்று வகுப்பில் நானே சொன்னேன். அன்றே தட்டு முழுவதும் கோலிக்குண்டுகளைப் பரப்பி, அவற்றின் இடுக்கில் நிற்கும் நீரை மட்டும் குஞ்சுகள் கொத்திக் குடிக்கும்படி மாற்றினோம். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், இந்தப் பறவையைப் பொறுத்தவரை நமக்கு அற்பமாகத் தெரியும் ஒரு கவனக்குறைவே அதன் உயிரைப் பறித்துவிடும் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதுதான். குஞ்சுகளின் கீழே வழவழப்பான செய்தித்தாளை விரிப்பதும் அப்படிப்பட்ட ஒரு தவறே. கால் வழுக்கி வழுக்கி, தொடை இரு பக்கமும் விரிந்து, பிறகு எழுந்து நடக்கவே முடியாமல் போய்விடும். சொரசொரப்பான துணியை விரித்தால் அந்த ஆபத்து இல்லை.

நான்கு வாரம் முடிந்த பிறகே குஞ்சுகளைத் தருவோம் என்று முடிவு செய்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வெப்பம். முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து, இறகு முழுமையாக முளைத்தபின் விளக்கை அகற்றிவிடலாம். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிரப் போதிய வெப்பம் தராது. வெப்பம் தரும் விளக்கையோ சரியாகக் கட்டாவிட்டால் தீப்பிடிக்கும். இந்தக் கவலையை வீட்டுக்கு அனுப்ப நான் விரும்பவில்லை. இரண்டாவது, மூன்று வாரத்துக்குப் பிறகுதான் ஆணையும் பெண்ணையும் நிறத்தால் பிரித்தறிய முடியும். நாங்கள் வளர்ப்பது ஜப்பானியக் காடையின் வழக்கமான பழுப்பு நிற வகை என்பதால், ஆணின் நெஞ்சு புள்ளியில்லாமல் செம்பழுப்பாகவும், பெண்ணின் நெஞ்சு வெளிறிய நிறத்தில் கரும்புள்ளிகளோடும் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் பறவைகளைப் பங்கிட்டுக் கொடுத்தால் பின்னால் வருவது சண்டையும் காயமும்தான்.

எண்ணிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "ஒன்றே ஒன்று போதும்" என்று கேட்ட பெற்றோர்களுக்கு என் பதில், ஒன்று தர மாட்டோம் என்பதே. காடை கூட்டமாக வாழும் பறவை. தனியாக இருக்கும் காடை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே கூண்டின் ஓரமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கும். குறைந்தது மூன்று பெண் காடைகளை ஒன்றாக வளர்ப்பதே தொடக்கநிலையில் நல்லது. ஆணும் வேண்டுமென்றால் ஓர் ஆணுக்கு நான்கு அல்லது ஐந்து பெண் காடைகள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஆண் திரும்பத் திரும்ப மிதித்துப் பெண்ணின் பிடரி இறகைப் பிய்த்து, தோல் கிழியும் அளவுக்குக் கொத்திவிடும். பெண்களோடு இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் ஒன்று மற்றொன்றின் கண்ணையும் தலையையும் குறிவைக்கும். ஆண் காடை விடியற்காலையில் உரக்கக் கூவும் என்பதால், பக்கத்து வீட்டாரையும் மனத்தில் வைத்து முடிவெடுங்கள். ஆண் இல்லாமலேயே பெண் காடைகள் முட்டையிடும் என்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு ஆண் தேவையே இல்லை. மிஞ்சும் ஆண் காடைகளைத் தனிக் கூண்டுகளில் பராமரிக்கும் பொறுப்பைப் பள்ளியே ஏற்கும்.

கூண்டில் பலரும் தவறுவது உயரத்தில்தான். காடை கிளையில் அமரும் பறவையல்ல. தரையிலேயே நடந்து, தரையிலேயே உறங்கும். ஆனால் பயந்துவிட்டால் அம்புபோல் நேராக மேலே எழும்பும். கதவு படாரென்று சாத்திய ஒரு சத்தத்துக்கு எங்கள் குஞ்சுகள் அத்தனையும் ஒரே நொடியில் எழும்பி மூடியில் மோதி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு நாள் குஞ்சின் எழுச்சியே அப்படி என்றால் வளர்ந்த பறவையின் வேகம் மண்டையைப் பிளக்கப் போதுமானது. ஆகவே கூண்டின் உயரம் ஓர் அடியைத் தாண்டாமல் இருக்க வேண்டும், அல்லது ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். இடைப்பட்ட உயரம் வேகம் எடுக்க இடம் கொடுத்து மோதவும் வைக்கும் என்பதால் அதுவே மிக ஆபத்தானது. எந்த உயரமானாலும் கூரையின் உட்புறத்தில் மென்மையான துணியையோ வலையையோ இழுத்துக் கட்டுங்கள். ஒரு பறவைக்கு ஒரு சதுர அடி என்பது குறைந்தபட்ச அளவு. கூடுதலாக இருந்தால் நல்லது. தரை முழுவதும் கம்பி வலையாக இருந்தால் பாதம் புண்ணாகும். மரச்சீவலையோ உமியையோ இரண்டு அங்குலம் பரப்பி, ஈரமானதை அன்றாடம் அள்ளி எடுத்துவிட வேண்டும். மூக்கைத் துளைக்கும் வாடை உங்களுக்கு எட்டும் முன்பே தரையோடு தரையாக வாழும் அந்தப் பறவையின் மூச்சுக்குழாயை அது வருத்தத் தொடங்கியிருக்கும். சாதாரணக் கோழி வலையின் கண் வழியாக எலியும் பாம்பும் நுழைந்துவிடும். அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கெட்டியான கம்பி வலையே பாதுகாப்பு.

கூண்டின் ஒரு மூலையில், உலர்ந்த மணல் நிரப்பிய அகலமான தட்டு ஒன்றை வையுங்கள். காடைகள் அதில் படுத்துப் புரண்டு, மணலை இறகுக்குள் வாரி இறைத்துக்கொண்டு, ஒரு கண்ணைப் பாதி மூடியபடி கிடக்கும். இறகைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் பேனை விரட்டவும் இதுவே அவற்றின் குளியல். காடை வளர்ப்பில் இதைவிட மனம் நிறையும் காட்சி வேறு இல்லை என்பது என் எண்ணம். தண்ணீரில் குளிப்பாட்டத் தேவையில்லை, குளிப்பாட்டவும் கூடாது.

தீவனத்தைப் பொறுத்தவரை வெறும் தானியம் போதாது. வளரும் குஞ்சுக்கு 24 சதவீதத்துக்குக் குறையாத புரதமும், முட்டையிடும் பறவைக்கு ஏறக்குறைய 20 சதவீதப் புரதமும் உள்ள தீவனம் வேண்டும். காடைக்கென்றே தயாரித்த தீவனம் கிடைத்தால் அதுவே சிறந்தது. முட்டையிடத் தொடங்கியதும் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். தேவையான அளவை அவையே எடுத்துக்கொள்ளும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் முட்டை வரும். ஒவ்வொரு முட்டையும் பத்து, பன்னிரண்டு கிராம் இருக்கும். ஒரே பறவை இடும் முட்டைகளின் புள்ளிக்கோலம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், எந்த முட்டை எந்தக் காடையுடையது என்பதைச் சில நாட்களில் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நாளுக்குப் பதினான்கு மணி நேர வெளிச்சம் இருந்தால் ஏறக்குறைய அன்றாடம் இடும். பகல் குறுகும்போது குறையும். எண்ணிக்கைக்காக இரவெல்லாம் விளக்கெரிக்க வேண்டாம். பறவைக்கும் ஓய்வு வேண்டும். ஒரு பெண் காடை இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து முக்கினால், முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ப்புக் காடைகள் அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டவை என்பதால், முட்டையைக் கூண்டிலேயே விட்டுவைத்தால் குஞ்சு வரும் என்று பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது கைச் சுத்தத்தை. நலமாகத் தெரியும் பறவையின் எச்சத்திலும், மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். பறவையையோ முட்டையையோ கூண்டையோ தொட்ட பின் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தமிடக் கூடாது, முகத்தோடு அணைக்கக் கூடாது. தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கையர் பார்த்து மகிழட்டும், தொட வேண்டாம். மூத்த பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து, பறவையின் முதுகுக்கு மேலிருந்து பாயாமல் பக்கவாட்டிலிருந்து இரு கைகளையும் கொண்டுபோய் எடுக்கப் பழக வேண்டும். மேலிருந்து இறங்கும் கை காடைக்குப் பருந்தாகத்தான் தெரியும்.

கோழி, புறா வளர்க்கும் வீடுகள் காடைகளை அவற்றோடு சேர்த்துவிடக் கூடாது. அவற்றுக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத நோய்கள் காடையைக் கொன்றுவிடலாம். நீர்த்த எச்சம், தொங்கும் இறக்கை, தீவனத்தைத் திரும்பிப் பாராமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பறவையைப் பிரித்து வைத்து மருத்துவரை அணுகுங்கள். கூண்டிலுள்ள பறவைகள் திடீரென ஒன்றன்பின் ஒன்றாக இறந்தால், கையுறை இல்லாமல் தொடாமல் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

காடையின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். நன்கு பராமரித்தால் சில பறவைகள் அதற்கு மேலும் வாழும். அதாவது, உங்கள் பிள்ளை தொடக்கப் பள்ளியை விட்டுப் போன சில காலத்துக்குள் அதன் மரணத்தைக் காண நேரும். அப்போது "பறந்து போய்விட்டது" என்று சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர்த் தட்டில் விழுந்த அந்தக் குஞ்சு இறந்த அன்று வகுப்பில் உண்மையைச் சொன்னோம். பிள்ளைகள் அழுதார்கள், கேள்வி கேட்டார்கள், பிறகு அவர்களே கோலிக்குண்டுகளைக் கொண்டுவந்தார்கள். அதேபோல், வளர்க்க முடியவில்லை என்று வயலிலோ புதரிலோ விட்டுவிடவும் வேண்டாம். பல தலைமுறைகளாகக் கூண்டில் வளர்ந்த இந்த இனத்துக்கு இரை தேடவோ எதிரியிடமிருந்து தப்பவோ தெரியாது. எந்தக் காரணத்துக்காகவும், எந்த நேரத்திலும் பறவைகளைப் பள்ளியிடமே திருப்பித் தரலாம். காரணம் கேட்க மாட்டோம்.

பறவைகளைப் பெற விரும்புவோர் இத்துடன் இணைத்துள்ள படிவத்தைப் பெற்றோர் கையொப்பத்துடன் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். கூண்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அதில் குறிப்பிடுங்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும் நாட்களில் தீவனமும் தண்ணீரும் வைக்கப்போகிறவர் யார் என்பதற்கும் ஓர் இடம் விட்டிருக்கிறோம். அந்த இடத்தில் பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம், ஒரு பெரியவரின் பெயரை எழுதுங்கள். பெண் காடைகள் மூன்று மூன்றாகவே கொடுக்கப்படும் என்பதால் இரண்டு அல்லது மூன்று வீடுகளுக்குத்தான் கிடைக்கும். மற்றவர்களின் படிவங்கள் அடுத்த முறைக்குக் காத்திருக்கும். கொண்டுபோக வரும் நாளில், காற்றுத் துளைகள் இட்ட, அடியில் துணி விரித்த, உயரம் குறைந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்