சர்க்கரைத் தாள்

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்தது. உன் வீட்டுக்காரர் அண்ணன் கஞ்சி குடிக்கிறார், வாசல் வரை நடக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. இங்கே ஒரு வாரமாக மழை. நம் தோட்டத்து லய வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துப் பக்கம் நின்ற மாமரம் மட்டும் இன்னும் இருக்கிறது.

அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாளைப் பற்றி நீ கேட்ட கேள்வி நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "காலையில் இனிப்பு 15, மத்தியானம் 3.1. என் வீட்டுக்காரரை என்ன செய்தார்கள்?" இரத்தச் சர்க்கரை மில்லிமோல் கணக்கில் 15 என்றால் ரொம்ப அதிகம், 3.1 என்றால் ரொம்பக் குறைவு. இருபத்தாறு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, நின்றவள் நான். யாரோ கவனமில்லாமல் இருந்தார்கள் என்று நினைக்காதே. கட்டிலோடு மாட்டியிருக்கும் அந்தத் தாளில் இனிப்பு இவ்வளவு இருந்தால் இன்சுலின் இவ்வளவு என்று எழுதியிருக்கும். ஆறாம் கட்டிலுக்கும் ஒன்பதாம் கட்டிலுக்கும் ஒரே தாள். நானும் அதைப் பார்த்துத்தான் ஊசி போட்டேன். விடியற்காலையில் ஒருவருக்கு வேர்த்துக் கொட்டி இனிப்பு இறங்கிப்போன நாட்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உடம்பு பெரிய அடி வாங்கும்போது இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறும். ஈரல் சர்க்கரையைக் கொட்டும், இன்சுலின் சொன்னதை உடம்பு கேட்காது. காய்ச்சல் தணிந்தாலோ, ஸ்டீராய்டை நிறுத்தினாலோ, அதே உடம்பு திடீரென்று கேட்க ஆரம்பிக்கும். காலையில் போதாத அளவு மத்தியானம் அதிகமாகிவிடும். அண்ணனுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரிய டாக்டர்களுக்கே இது லேசில் பிடிபடவில்லை. 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் கிரேட் வான் டென் பெர்கே என்ற டாக்டரம்மா, சர்க்கரையை 4.4க்கும் 6.1க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிரிவில் சாவு 8 விழுக்காட்டிலிருந்து 4.6க்கு இறங்கியது. பல ஊர்களும் அதைப் பின்பற்றின. 2009இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா பக்கம் ஆறாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்தபோது, இறுக்கிப் பிடித்தவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள்: 27.5 விழுக்காடு, மற்றவர்களில் 24.9. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியதும் அவர்களுக்குத்தான் பல மடங்கு. அதற்குப் பிறகு பல இடங்களில் 10 வரை இருக்கட்டும் என்று தளர்த்திவிட்டார்கள்.

சரி, இப்போது என் கூடப்பிறந்த அண்ணனின் மகள் கவிதா சொன்னதற்கு வருகிறேன். அவள் பொறியியல் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். ஒரு நோயாளியின் பழைய தாளை எடுத்துக்கொள்கிறார்கள்: மணிக்கு மணி சர்க்கரை, போட்ட இன்சுலின், மூக்குக் குழாயில் போன பால். அதிலிருந்து அந்த உடம்பு ஒவ்வொரு மணியும் இன்சுலின் சொன்னதை எவ்வளவு கேட்டது என்று கணக்குப் போட்டு ஒரு கோடு வரைகிறார்கள். கோடு கிடைத்துவிட்டால் அந்த ஆள் கணினிக்குள் வந்துவிட்டார். இன்சுலினைக் குறைத்திருந்தால் என்ன, பாலைக் கூட்டியிருந்தால் என்ன என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். தப்பினால் யாருக்கும் வேர்க்காது சரசு. நாங்கள் அதையெல்லாம் உயிருள்ள மனிதர் மேலேதான் கற்றுக்கொண்டோம்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜெப்ரி சேஸ் என்ற பேராசிரியரும் அங்கே உள்ள டாக்டர்களும் சேர்ந்து இதை வளர்த்தார்கள். 2005இல் கணினியில் சோதித்துப் பார்த்த முறையை அட்டைச் சக்கரமாகச் செய்து மிஸ்ஸிகள் கையில் கொடுத்தார்களாம். சக்கரத்தைத் திருப்பினால் இன்சுலினும் பாலும் எவ்வளவு என்று வரும். எனக்கு அது ரொம்பப் பிடித்தது, இரவு டூட்டியில் நிற்பவள் கையை நினைத்துச் செய்திருக்கிறார்கள். இப்போது ஸ்டார் என்ற பெயரில் அது கட்டில் பக்கத்திலேயே ஓடுகிறது. முன்னால் வந்தவர்களின் கணக்கை வைத்து, இவர் உடம்பு அடுத்த ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு மாறக்கூடும் என்று பார்க்கிறது. சர்க்கரை கீழ் எல்லையைத் தாண்டி இறங்கும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கு மேல் போகாத அளவைத்தான் சொல்கிறது. நம் மலேசியாவில் குவாந்தானிலும் முயன்று பார்த்திருக்கிறார்கள். கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஜனங்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது இனிப்பு நீர். வெள்ளைக்காரர் உடம்பின் கணக்கு மட்டும் உள்ளே இருந்தால் போதுமா?

மூச்சு மெஷினுக்கும் இப்படியே செய்கிறார்கள், அந்த நுரையீரலின் விறைப்பைக் கணக்கிட்டு அழுத்தத்தை வைக்கலாமாம். அதை நேரில் சொல்கிறேன்.

நம் தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரெசரை நினைத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் அதே சிவப்புத் தண்ணி மருந்துதான். ஆனால் உன் அம்மாவுக்கு மட்டும் அரை டம்ளர், "இவளுக்கு வயிறு தாங்காது" என்பார். முந்நூறு பேரையும் பெயர் சொல்லி அறிந்தவர் அவர். ஒரு மிஸ்ஸிக்கு முன்பின் தெரியாத ஆள் இரவு இரண்டு மணிக்கு வந்து இறங்கும்போது அந்த அறிமுகம் எங்கே கிடைக்கும்? அதைத்தான் இந்தக் கணக்கு கொடுக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் விரலில் குத்திச் சரியாகப் பார்த்து, பால் நின்றுபோனால் உடனே பதிய ஒரு ஆள் வேண்டும். கவிதாவிடம் அதைத்தான் அழுத்திச் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அண்ணனின் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கை (HbA1c) கேட்டு வாங்கி வை. நீ அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாயே, அந்த நோட்டையும் பத்திரப்படுத்து. வரும் சனிக்கிழமை ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் வருகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பக்கம் பக்கமாகப் பார்ப்போம்.

உன்,
மல்லிகா