ஒரே வீட்டில் நான்கு வாசகர்கள்

கோபிசெட்டிபாளையம்,
ஆடி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. காங்கயம் பக்கம் மழை இன்னும் ஏமாற்றிக்கொண்டிருப்பதை அறிந்து வருந்தினேன். இங்கே தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதால் நெல்லுக்கு நாற்று விட்டிருக்கிறோம். மஞ்சளுக்கும் களை எடுத்தாயிற்று. மகன் பெருந்துறைக்கு வேலைக்குப் போய்வருகிறான். மற்றபடி எல்லோரும் நலம். நீங்கள் கேட்டிருக்கும் காரியம் பெரிது என்பதால் நேராக அதற்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு கிடைத்திருக்கும் பகல்பொழுதை இனி நல்ல நாவல்களுக்குக் கொடுக்கப்போவதாகவும், பேருந்து நிலையத்தில் வாங்கிப் பழகிய துப்பறியும் மாத நாவல்களை அடியோடு விட்டுவிடப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சகோதரியார் பைண்டு செய்த 'பொன்னியின் செல்வ'னைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை, மருமகள் குடும்ப நாவல்களோடு நின்றுவிடுகிறார், பேரனுக்கு இயந்திர மனிதன் வராத கதை கதையே அல்ல என்று வருத்தத்தோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். நண்பரே, இதில் வருத்தப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் நான்கு வகைக் கதைகளைப் படிக்கும் நான்கு பேர் இருப்பது பாக்கியம். நீங்கள் எடுத்திருக்கும் முடிவில் முதல் பாதியை மனமார வரவேற்கிறேன். இரண்டாவது பாதியை அவ்வளவு உறுதியாக எதிர்க்கிறேன். துப்பறியும் கதையை விட்டுவிட்டு நல்ல நாவலுக்கு வர வேண்டியதில்லை. துப்பறியும் கதையில் பழகிய அதே கண்ணோடு வந்தால், நல்ல நாவலில் மற்றவர்கள் கவனிக்காமல் கடந்து போவதையும் நீங்கள் பார்ப்பீர்கள்.

சொன்னதற்குச் சான்றாக உங்களுக்கான முதல் புத்தகத்தையே எடுத்துக்கொள்கிறேன். கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942-இல் வெளிவந்த 'நாகம்மாள்'. வட்டார நாவல் என்னும் வகைக்குத் தமிழில் முன்னோடியாக அதைத்தான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே அது பாடத்திட்டத்துக்குள் போய், பலருக்கு ஒரு தேர்வு வினாவாக மட்டும் நின்றுவிட்டது. உங்களுக்கு நான் அதை வேறு விதமாகப் பரிந்துரைக்கிறேன். அது ஒரு கொலைக் கதை. நீங்கள் இதுவரை படித்த மாத நாவல்களில் முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழுந்துவிடும். அதற்குப் பிறகு யார், எப்படி, எதற்காக என்று பின்னோக்கிப் போவோம். சண்முகசுந்தரம் கொலையைக் கடைசியில் வைக்கிறார். கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். கேட்கும்படி அவளைத் தூண்டுவதில் ஊரில் சிலருக்கு ஆதாயம் இருக்கிறது. அவளோடு நெருங்கிப் பழகும் கெட்டியப்பன் அவள் பக்கத்தில் நிற்கிறான். எங்கே போய் முடியும் என்பதை நாம் ஏறக்குறைய ஊகித்துவிடுகிறோம். ஊகித்த பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. ஏனென்றால் யார் கொன்றது என்ற கேள்விக்குப் பதிலாக, இத்தனை பேரில் ஒருவராவது இதைத் தடுக்க மாட்டாரா என்ற கேள்வி நம்மைப் பிடித்துக்கொள்கிறது. நிலப் பங்குத் தகராறில் கைகலப்பு என்று நாளிதழில் இரண்டு வரியில் நாம் படித்துவிட்டுப் போகும் செய்திக்குப் பின்னால் எத்தனை சாயங்காலப் பேச்சுகள் இருந்திருக்க வேண்டும் என்பதை அந்த நாவல் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. தடயங்களைத் தேடிப் பழகியவர்கள், திண்ணையில் ஒருவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு வாக்கியத்தைத் தடயமாகப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தை உங்களுக்குக் கொடுத்தது மாத நாவல்தான்.

கோவைக்காரரான ராஜேஷ்குமார் 1500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். அவர் கதைகளில் ஒரு அத்தியாயம் ஓர் ஊரிலும் அடுத்த அத்தியாயம் தொடர்பே இல்லாததுபோல் வேறோர் ஊரிலும் நடந்துகொண்டே போய், முடிவில் இரண்டும் சந்திக்கும். அவரை இத்தனை ஆண்டு படித்தவருக்கு, பல கிளைகளாகப் பிரிந்து போகும் பெரிய நாவல் எதுவும் மலைப்பைத் தராது. அவசரமாக எழுதப்பட்ட மாத நாவல்கள் ஏராளம் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைத் தள்ளிவிட வேண்டியதுதான். ஆனால் அவசரமாக எழுதப்பட்டது என்ற காரணத்துக்காகத் தள்ள வேண்டுமே அல்லாமல், துப்பறியும் கதை என்ற காரணத்துக்காக அல்ல. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் மர்மக் கதைகளை எழுதிக் குவித்த காலத்தில்தான் நாவல் படிக்கும் பழக்கம் தமிழ் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது.

சகோதரியாரிடம் ஒன்று கேளுங்கள்: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? 1950-இல் தொடராகத் தொடங்கிய அந்த ஐந்து பாக நாவலின் நடுவே கிடப்பதும் ஒரு கொலைதான். கல்கி அதற்கு முடிவான விடை சொல்லாமலே விட்டார். காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானவர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி அவர்களது நிலம் பறிக்கப்பட்டதைக் குறிக்கிறது. ஆனாலும் வாசகர்கள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களும் சகோதரியாரும் பேசிக்கொள்ள இது ஒன்றே ஒரு மாதத்துக்குப் போதும். அவருக்கு அடுத்து நான் கொடுக்க விரும்புவது தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அரசர்களும் அரண்மனைகளும் இல்லை. காரு மாமா என்னும் நாவிதர் ஒருவரின் சாவுக்கு உறவுகள் வந்து கூடுவதும், கூடிய இடத்தில் பழைய கோபங்களும் பாசங்களும் மேலெழுவதும்தான் கதை. நம் பக்கத்தில் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவதும் சாவுச் சீரை முன்னின்று செய்வதும் அவர்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லா வீட்டுச் சீரிலும் ஓரமாக நின்றவர்களின் சொந்த வீட்டுச் சாவை இத்தனை அருகிலிருந்து தமிழில் யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை. எண்ணற்ற பாத்திரங்களையும் அவர்களுக்குள் உள்ள உறவு முறைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் கல்கியின் வாசகருக்கு இயல்பாகவே இருக்கும். அது இங்கே பெரிதும் உதவும்.

மருமகள் படிக்கும் குடும்ப நாவல்களை நீங்கள் இளக்காரமாகக் குறிப்பிட்டிருப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. புதிதாகக் கல்யாணமாகி வேறொரு வீட்டுக்குள் நுழையும் பெண் அங்கே எப்படி வாழப்போகிறாள் என்பதைத்தான் அவை திரும்பத் திரும்பக் கேட்கின்றன. அந்தக் கேள்வியில் என்ன இளக்காரம்? அதே கேள்வியைப் பெருமாள்முருகன் 'பூக்குழி'யில் எடுக்கிறார். சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன், தான் காதலித்து மணந்த சரோஜாவைத் தன் ஊருக்குக் கூட்டிவருகிறான். அவள் என்ன சாதி என்று மாமியாரும் ஊரும் விடாமல் கேட்கிறார்கள்; நாவல் கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. பெயர் சொல்லாததால் படிப்பவர் யாராக இருந்தாலும் தப்பித்துக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. மொட்டைப் பாறையும் வெயிலும் குடிசையுமாக, ஏச்சைத் தவிர வேறு பேச்சுக் காதில் விழாத ஓர் இடத்தில் அந்தப் பெண் நாளைக் கடத்துவதைப் படிக்கையில், குடும்ப நாவலில் பழகிய எல்லாப் பொருளும் அங்கே இருப்பதும், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதிமொழி மட்டும் இல்லாதிருப்பதும் மருமகளுக்குத்தான் முதலில் புரியும். முடிவை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதற்காகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் நம் மேட்டுக்காட்டு வாழ்க்கை உலகத்தில் எங்கோ இருப்பவரையும் பதற வைக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம் உண்டு.

பேரனுக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள். அதில் பிள்ளை பெறுவதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், பெயருக்கு இரண்டெழுத்துக்கு மேல் கூடாது, இயந்திர நாயான ஜீனோ மனிதர்களைவிடத் தெளிவாகச் சிந்திக்கும். அதை முடித்த கையோடு பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யைக் கொடுங்கள். ஒரு கிழவனுக்கு வந்து சேரும் கறுப்பு ஆட்டுக்குட்டியின் கதை. பிறந்த குட்டியை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டி, வரிசையில் நின்று, காது குத்தி அடையாளம் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒன்று வரப்போகும் காலத்து நகரம், மற்றொன்று மழை பொய்த்த ஆட்டுப்பட்டி. இரண்டிலும் ஓர் உயிர் பிறந்தவுடன் அதிகாரத்தின் பதிவேட்டுக்குள் போயாக வேண்டும். இந்த ஒற்றுமையை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். பையன் தானாகக் கண்டுபிடித்து வந்து உங்களிடம் சொல்லட்டும். பட்டியில் ஆடு கட்டியிருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது கட்டாயம் புலப்படும்.

'நாகம்மா'ளை முடித்த பிறகு உங்களுக்கு அடுத்ததாக நான் சொல்வது ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி', 2004-இல் வெளிவந்தது. இதை உங்களுக்கென்றே குறிப்பாகச் சொல்கிறேன். துப்பறியும் கதையின் அடித்தளமே ஒரு நம்பிக்கை: விசாரிக்க வருபவர் நியாயத்தின் பக்கம் நிற்பார் என்பது. சத்தியமங்கலம் காட்டில், பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து திம்பம் ஏறும் பாதையில் நாம் எத்தனையோ முறை போயிருக்கிறோம். அந்தக் காட்டுக்குள் வாழும் சோளகர் என்னும் பழங்குடியினரின் ராகி வயலும் தேனும் தெய்வமும் பாட்டுமாக நாவலின் முற்பகுதி நிறைந்திருக்கிறது. பிற்பகுதியில் வீரப்பனைத் தேடி அதிரடிப்படை வருகிறது. விசாரணை என்ற பெயரில் சோளகப் பெண் மாதியும் அவளைப் போன்றவர்களும் அனுபவித்ததைப் படித்தபோது சில பக்கங்களுக்குப் பிறகு எழுந்து வெளியே போய் நின்றுவிட்டுத்தான் மறுபடியும் உட்கார முடிந்தது. விசாரிப்பவரை நம்பியே கதை படித்துப் பழகிய வாசகருக்கு அந்த நாவல் கொடுக்கும் அடி மற்றவர்களுக்குக் கிடைக்கும் அடியைவிடப் பெரியது. ஆசிரியர் மனித உரிமைப் பணியில் அந்த மக்களோடு இருந்தவர். அதனால் எந்த இடத்திலும் குரலை உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு நேரவில்லை. இதை முடித்துவிட்டு மாத நாவலுக்குத் திரும்புங்கள். திரும்பத்தான் வேண்டும். துப்பறியும் நிபுணர் சாட்சிகளிடம் எப்படிக் கேள்வி கேட்கிறார் என்பதை நீங்கள் அதன் பிறகு வேறு கண்ணோடு கவனிப்பீர்கள்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். பொள்ளாச்சியில் பாதி வாழ்க்கையைக் கழித்த உங்களுக்கு அதைப் பற்றி நான் நீட்ட வேண்டியதில்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் வளர்ச்சியோடு வளர்ந்த நண்பர்களைப் பற்றி எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யும், சாயக் கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதற்குச் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யும் உள்ளன. இவை பின்னால் வரட்டும்.

ஒரு வேண்டுகோள். இந்தப் புத்தகங்களை வாங்கி வீட்டில் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, இதைப் படித்தால்தான் நல்ல வாசகர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒருவருக்கு நாவலைப் பரிந்துரைக்கும்போது, அவர் ஏற்கெனவே விரும்பிப் படிப்பதற்குள் எது அவரை இழுக்கிறதோ அதைத் தெரிந்துகொண்டு, அதே இழுப்பு உள்ள வேறொரு வகையைக் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் அவர் படிப்பதை நாம் படித்தாக வேண்டும். ஆகவே மருமகளிடம் அவருக்கு மிகப் பிடித்த குடும்ப நாவல் ஒன்றை நீங்களே கேட்டு வாங்கி முழுதாகப் படியுங்கள். பேரனிடம் ஜீனோவை வாங்குங்கள். மாமனார் தன் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார் என்றால், அந்தப் பெண் நீங்கள் தரும் 'பூக்குழி'யைத் தயங்காமல் எடுத்துக்கொள்வார்.

'நாகம்மா'ளும் 'பூனாச்சி'யும் என்னிடம் இருக்கின்றன; அடுத்த வாரம் காங்கயம் மாட்டுச் சந்தைக்கு வரும் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். 'சோளகர் தொட்டி' உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். மற்றவற்றை ஈரோடு புத்தகத் திருவிழாவில் சேர்ந்தே வாங்கலாம்; சகோதரியாரையும் மருமகளையும் பேத்தி அம்மிணியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுங்கள், மாலைக் கூட்டம் சேர்வதற்கு முன் நிதானமாகப் பார்க்கலாம். அம்மிணி என்ன படிக்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லையே? அடுத்த கடிதத்தில் அதையும், நாகம்மாள் பங்கு கேட்டது நியாயமா இல்லையா என்பதில் உங்கள் தீர்ப்பையும் எழுதுங்கள். என் தீர்ப்பை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்