சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்: கணக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் பெயர்களைப் படியுங்கள்

அன்பான போதகர்களே, ஆயர்களே, மூப்பர்களே, சபைக் குழுவில் இருக்கிற சகோதர சகோதரிகளே,

உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நீங்கள் எந்தச் சபைப் பிரிவாக இருந்தாலும் சரி, இந்த மடல் உங்களுக்குத்தான். நான் பிரசங்கியார் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஒரே சபையில், ஞாயிறுதோறும் பின்வரிசையில் உட்காருகிற ஒரு சாதாரண விசுவாசி. சபை என் வீடு என்று நம்புகிறவன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எழுப்புதல், அதாவது சோர்ந்துபோன விசுவாசம் மறுபடி உயிர்பெறுவது, என்ற சொல்லை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. எழுப்புதல் கூட்டம், எழுப்புதல் முகாம், எழுப்புதலின் ஆண்டு என்று ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு அறிவிப்பு வரும், அதோடு முதலில் மாறுவது மேடை. புது ஒலிபெருக்கி, புது விளக்கு, பெரிய திரை, இன்னும் இரண்டு கிதார். இதெல்லாம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, பிள்ளைகள் மனதாரப் பாடுகிறார்கள், அந்தப் பாடல்களில் நானும் அழுதிருக்கிறேன். ஆனால் மூன்று நாள் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கி வைத்த பிறகும், ஐந்து வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு குடும்பங்கள் பேசாமலேதான் இருக்கின்றன, ஒன்று இடப்பக்கக் கதவு வழியாக வரும், இன்னொன்று வலப்பக்கக் கதவு வழியாக வரும், நடுவில் திருவிருந்து மேசை இருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா படுத்த படுக்கையாக இருந்த ஏழு மாதம் நான் ஆராதனைக்கு வரவில்லை, வர முடியவில்லை. அந்த ஏழு மாதத்தில் சபையிலிருந்து என் கைபேசிக்கு வந்த செய்திகள் இரண்டு. ஒன்று, கட்டட நிதிக்கு நான் எழுதிக்கொடுத்த தொகையில் பாக்கி இருப்பதை நினைவூட்டியது. இன்னொன்று, எழுப்புதல் கூட்டத்துக்கான அழைப்பு. யார்மேலும் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, யாரும் வேண்டுமென்று செய்ததும் இல்லை. பணம் தராதவர்களின் பட்டியல் ஒன்று சபையில் இருந்தது, வராதவர்களின் பட்டியல் ஒன்று இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

நான்காவது மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை கதவைத் தட்டியது யார் என்று பார்த்தால், திருவிருந்து மேசை விரிப்பைத் துவைத்து மடித்துக் கொண்டுவருகிற வயதான அம்மா. எந்தக் குழுவிலும் இல்லாதவர். கட்டிலருகே உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 71-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார். "முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும்" என்ற இடம் வந்தபோது பேச்சே போயிருந்த அப்பாவின் விரல்கள் போர்வையின்மேல் அசைந்தன. கிளம்பும்போது வாசலில் நின்று, "தம்பி, உன் ஜெபமெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஜெபிக்கவே முடியவில்லை அம்மா என்றேன். அதற்கு அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை. "சரி, உனக்கு முடிகிறவரைக்கும் உன் பங்கையும் சேர்த்து நான் ஜெபிக்கிறேன்" என்றார். அப்பா போகும்வரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தார். நான் விசுவாசத்தில் நிற்கிறேன் என்றால், மனுஷர் பக்கத்தில் அதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

அதற்குப் பிறகுதான் எழுப்புதலின் வரலாற்றை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன்.

வேதத்தில் வருகிற யூதா தேசத்து யோசியா ராஜாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், 2 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரம். ஆலயத்தைப் பழுதுபார்க்கிற பணத்தைக் கணக்குப் பார்க்கத்தான் சம்பிரதியாகிய (அரசு எழுத்தரான) சாப்பானை ராஜா அனுப்புகிறார். போன இடத்தில் பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா, கர்த்தருடைய ஆலயத்திலே நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லி அதை அவன் கையில் கொடுக்கிறான். ஆலயத்துக்குள்ளேயே கிடந்த புஸ்தகம், ஆலயத்தில் வேலை செய்தவர்களுக்கே தெரியவில்லை! சாப்பான் திரும்பி வந்து முதலில் சொல்வது பணக் கணக்கை, அதற்குப் பிறகுதான் புஸ்தகத்தைப் பற்றிச் சொல்கிறான். அதை வாசிக்கக் கேட்டதும் ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறார். மனந்திரும்புதல் முதலில் சிங்காசனத்தில் நடக்கிறது, ஜனங்களிடம் அப்புறம்தான் வருகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று கர்த்தரிடத்தில் விசாரிக்க அவர் ஆள் அனுப்பியது உல்தாள் என்ற ஒரு பெண்ணிடம். (பெண்கள் சபையில் எதுவரை பேசலாம் என்று இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.)

இதே மாதிரி ஒன்று 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் கட்டிய ஆராதனைக் கட்டடத்துக்குக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் அடைத்துவிடலாம் என்று முன்னாள் கப்பல் தலைவர் ஒருவர் யோசனை சொன்னார். ஏழைகளால் முடியாதே என்று ஒருவர் கேட்க, மிகவும் ஏழையான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களிடம் இல்லாவிட்டால் நானே போடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் ஆளுக்குப் பதினொரு பேரை ஏற்றுக்கொண்டு வாராவாரம் வீடுவீடாகப் போனார்கள். போனபோதுதான் தெரிந்தது, ஒரு வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் சண்டை, வெளியில் யாருக்குமே தெரியாத பிரச்சினைகள். இத்தனை நாள் நமக்கு இல்லாமல் இருந்தது இதுதான் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். காசு வாங்கப் போனவர்கள் ஆத்துமாக்களை விசாரிக்கிறவர்களானார்கள், அந்தப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வகுப்புகள்தான் மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாயின. 1738 மே 24-இல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் வெஸ்லியின் இருதயம் அனலானதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த அனல் அணையாமல் இருக்க வாரம் ஒருமுறை யாரோ ஒருவர் படியேறிப் போனார் என்பதை ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

ஜெர்மனியில் மொராவிய அகதிகள் குடியேறிய ஹெர்ன்ஹூட் கிராமத்தின் கதையும் அப்படித்தான். ஆள் மாற்றி ஆள் ஜெபித்து நூறு வருடத்துக்கு மேல் அணையாமல் நடந்த அவர்களுடைய ஜெபச் சங்கிலியைப் பற்றிச் சொல்லாத ஜெப முகாமே கிடையாது. 1727-இல் அந்தச் சங்கிலி தொடங்குவதற்கு முந்தின மாதங்களில் அந்தக் கிராமம் எப்படி இருந்தது தெரியுமா? உபதேசத்தைப் பற்றிச் சண்டை, ஒருவரை ஒருவர் குற்றம்சாட்டுதல், ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. அவர்களுக்கு இடம் கொடுத்திருந்த சின்சென்டார்ஃப் பிரபு டிரெஸ்டனில் தான் பார்த்த அரசு வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, வீடுவீடாக ஏறி இறங்கிப் பேசினார். மே 12-இல் எல்லோரும் ஒரு உடன்படிக்கைக்குச் சம்மதித்தார்கள். ஆகஸ்ட் 13-இல் திருவிருந்தில் ஆவியானவர் அவர்களை உடைத்தார். ஜெபச் சங்கிலி அந்த மாதக் கடைசியில்தான் வந்தது. நாமோ ஒப்புரவாகிற மாதங்களை அப்படியே தாண்டிவிட்டு, நேராக ஜெபச் சங்கிலிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறோம்.

1906-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருவில் நடந்த எழுப்புதலை எடுத்துக்கொண்டாலும், அந்நியபாஷையை, அதாவது கற்காத மொழியில் ஆவியால் பேசுவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் நடத்திய அந்தக் கூட்டத்தில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் முழங்கால்படியிட்டார்கள், அதுவும் இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த ஒரு தேசத்தில். அந்த அற்புதம் எனக்குப் பெரியது. சில வருடங்களிலேயே அந்த இயக்கத்தார் மறுபடி நிறம் பார்த்துப் பிரிந்துபோனார்கள் என்பதும் வரலாறுதான், அதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், அழுக்கு உடை உடுத்தவனுக்குப் பாதபடியும் கொடுக்கிற சபையை யாக்கோபு கண்டித்து எழுதினாரே, அந்த நிருபம் இன்னும் பழசாகவில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். உங்களில் அநேகர் உண்மையாய் உழைக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும், உங்கள் களைப்பும் தெரியும். அதே நேரத்தில், சபைக்குள் காயப்பட்டு வெளியே போனவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஊழியர் ஒரு பிள்ளையிடமோ ஒரு பெண்ணிடமோ தவறாக நடந்தார் என்று சொன்னால், சபைப் பெயர் கெட்டுவிடும், ஜெபத்தில் வைப்போம் என்று அமுக்கிவிடுகிற பழக்கம் உலகமெங்கும் எத்தனை சபைகளில் வெளியே வந்துவிட்டது! கெட்ட பெயர் பேசுவதால் வரவில்லை, மூடி மறைத்ததால் வந்தது. அப்படிப்பட்ட புகார் வந்தால் அந்த நாளே காவல்துறையிடம் போக வேண்டும், பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் உட்கார வேண்டும், ஜெபமும் வேண்டும்தான், ஆனால் புகாருக்குப் பதிலாக ஜெபம் என்பது கிடையாது.

தலைவர்கள் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறீர்களா? 2000 மார்ச் 12-இல், வயதும் வியாதியும் தளர்த்தியிருந்த போப் இரண்டாம் ஜான் பால், புனித பேதுரு பேராலயத்தில் சபைப் பிள்ளைகளின் பாவங்களுக்காகத் தேவனிடம் மன்னிப்புக் கேட்டு ஜெபித்தார். அது போதவில்லை என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சபையின் தலைவரே முன்னால் நின்று கேட்டார். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1517-இல் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று கர்த்தர் விரும்பினார் என்பதுதான். பிரசங்க பீடத்தில் நிற்கிறவர்களும் விசுவாசிகள்தானே. நீங்கள் ஒருமுறை, இந்த விஷயத்தில் நான் தவறிவிட்டேன், மன்னியுங்கள் என்று சொன்னால், நாங்கள் உங்களை விட்டு ஓட மாட்டோம். எங்களுக்கும் எங்கள் பாவங்களைச் சொல்ல வாய் திறக்கும்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் வரவு செலவைப் படிப்பதற்கு முன்னால், கடந்த மூன்று மாதமாக ஆராதனைக்கு வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஏன் வரவில்லை என்று யாருக்காவது தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அந்த வாரமே ஒருவர் போகட்டும். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அழைப்பிதழும் வேண்டாம். போனவர் அதிகம் பேச வேண்டாம், கேட்டுவிட்டு வரட்டும், கேட்டதை வெளியில் சொல்லாமல் இருக்கட்டும். கோபமாகக் கதவைச் சாத்தினால் அந்தக் கோபத்துக்கு என்ன காரணம் என்று குழுவாக உட்கார்ந்து யோசியுங்கள், அங்கே நம் தப்பு இருந்தால் எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், இடப்பக்கக் கதவு வழியாக வருகிற குடும்பத்தையும் வலப்பக்கக் கதவு வழியாக வருகிற குடும்பத்தையும் மறந்துவிடாதீர்கள், அவர்களில் யார் வீட்டுக்காவது யாராவது ஒருவர் முதலில் போயாக வேண்டும்.

விரிப்புத் துவைக்கிற அந்த அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. அவர் பார்க்கப் போய்க்கொண்டிருந்த மூன்று வீடுகளின் பெயரை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறார். நாளை மாலை முதல் வீட்டுக்குப் போகிறேன். தனியாகப் போகக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, உங்களில் ஒருவர் கூட வந்தால் நன்றாக இருக்கும். ஆறு மணிக்கு ஆலய வாசலில் நிற்பேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
பின்வரிசையிலிருந்து