டவர் எட்டாத கடலுக்கு ஒரு பீக்கான் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல சாட்டிலைட் இன்டர்நெட் பத்தி வந்த கட்டுரைய இங்க மொரீஷியஸ்ல, மாஹேபூர்ல உக்காந்து போன்ல படிச்சேன். இந்தியாவுல 2025 ஜூன்ல ஸ்டார்லிங்க்குக்கு லைசென்ஸ் கொடுத்ததுல இருந்தே ஊர்ல எல்லாரும் இதைத்தான் பேசுறாங்கன்னு தம்பி சொன்னான். ஆனா கட்டுரை முழுக்க ஸ்பீடு எவ்வளவு, மாசம் எவ்வளவு, நம்மாள வாங்க முடியுமா, இதெல்லாம் வசதியானவங்களுக்குத்தானேங்கிற பேச்சாவே இருந்துச்சு, கடல்ல போறவன பத்தி ஒரு வரி கூட இல்ல, அதான் மனசு கேக்காம எழுதுறேன். அவன் ஆபத்துன்னு சாட்டிலைட் வழியா சொல்றதுக்கு பீக்கான்னு ஒரு சின்னக் கருவி இருக்கு, முக்கியமா அதப் பத்தித்தான். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு சொந்த ஊர் குமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். 14 வருஷம் கப்பல்ல எலக்ட்ரிகல் ஆபீசரா இருந்தேன், இங்க உள்ள தமிழ் குடும்பத்துல கல்யாணம் பண்ணி இங்கயே தங்கிட்டேன், இப்போ போர்ட் லூயி ஹார்பர்ல கப்பலுக்கு ரேடியோ, ஆன்டெனா, ரேடார் ரிப்பேர் பண்ற வேலை. மச்சான் அதாவது என் மனைவியோட அண்ணன் மீன் பிடிக்கிறவர், அவர்கிட்ட ஒரு பிரோக் இருக்கு, நம்ம ஊர் ஃபைபர் வள்ளம் மாதிரின்னு வச்சுக்கோங்க.

முதல்ல இந்த ஊர்ல நடந்த ஒண்ண சொல்றேன். 2020 ஜூலை 25 ராத்திரி வகாஷியோங்கிற ஜப்பான்காரங்க கப்பல் எங்க வீட்ல இருந்து பக்கம்தான், பொயின்ட் தெஸ்னி பவளப்பாறையில வந்து ஏறிருச்சு. ஆகஸ்ட் 6ல எண்ணெய் ஒழுக ஆரம்பிச்சு சுமார் 1,000 டன் கடல்ல கலந்துச்சு. சனங்க கரும்புத் தோகைய சாக்குல அடைச்சு நீளமா தச்சு கடல்ல மிதக்க விட்டு எண்ணெயைத் தடுத்தாங்க, எண்ணெயை உறிஞ்சும்னு தலைமுடிய வெட்டிக் கொடுத்தாங்க, என் மாமியாருக்கு அப்போ 70 வயசு, அவங்களும் உக்காந்து சாக்கு தச்சாங்க. இது உலகத்துக்கே தெரியும். ஆனா அந்தக் கப்பல் எதுக்கு கரைகிட்ட வந்துச்சுங்கிறது நிறைய பேருக்கு தெரியாது. கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டின ஜப்பான் கம்பெனியே அந்த வருஷம் டிசம்பர்ல அறிக்கை விட்டாங்க. கரையில இருந்து 22 மைல் தள்ளிப் போக வேண்டிய கப்பலை ரெண்டு நாள் முன்னாடி 5 மைல்னு மாத்தி, அன்னிக்கு அதையும் விட்டு 2 மைல் வரைக்கும் கிட்ட கொண்டு வந்திருக்காங்க, மொபைல் சிக்னல் எட்டுற தூரத்துக்கு வரணும்னு. சரியான சார்ட், அதாவது கடல் வரைபடம் பாக்கல, கரை எவ்வளவு தூரம்னு ஒழுங்கா கவனிக்கல, அதெல்லாம் பெரிய தப்பு, கேப்டனும் அடுத்த ஆபீசரும் கோர்ட்ல தண்டனை வாங்கினாங்க. நான் நியாயப்படுத்தல. ஆனா வீட்டுக்கு ஒரு போன் பேசணுங்கிற தவிப்பு 2 லட்சம் டன் கப்பலைக்கூட கரைக்கு இழுக்கும்னு கப்பல்ல இருந்த எனக்கு ஆச்சரியமே இல்ல.

ஏன்னா எனக்கும் அது நடந்திருக்கு. 2006ல பல்க் கேரியர்னு சொல்ற சரக்குக் கப்பல்ல பிரேசில்ல இருந்து சீனாவுக்கு போயிட்டு இருக்கும்போது அப்பா இறந்துட்டாரு. கம்பெனி பேரு வேண்டாம். கப்பல்ல சாட்டிலைட் போன் இருந்துச்சு, ஆனா கேப்டன் ரூம்ல, நிமிஷத்துக்கு டாலர் கணக்குல கார்டு வாங்கிப் பேசணும், வீட்ல இருந்து நம்மள கூப்பிடவே முடியாது. ஆபீசுக்கு தகவல் போய் அங்க இருந்து கப்பலுக்கு மெயில் வந்து என் கைக்கு வர்றதுக்குள்ள நாலு நாள் ஆயிருச்சு, அதுக்குள்ள அடக்கமும் முடிஞ்சிருச்சு. அம்மாகிட்ட மூணு நிமிஷம் பேசினேன், ரெண்டு பேரும் அழுததுலயே கார்டு தீந்துருச்சு. இன்னிக்கும் ஹார்பர்ல ஏதாவது கப்பல் ஏறினா நம்ம பசங்க, ராமேஸ்வரம் தூத்துக்குடி பசங்க, நான் டூல்பாக்ஸ் கீழ வைக்கிறதுக்கு முன்னாடியே "அண்ணே ஒரு பத்து நிமிஷம் ஹாட்ஸ்பாட் போடுவீங்களா, பாப்பா பொறந்திருக்கு இன்னும் மொகம் பாக்கல"ன்னு கேப்பாங்க. போட்டுடுவேன், வேலை அப்புறம்.

இப்போ நிலைமை மாறுது, அத உங்க வாசகர்களுக்கு சொல்லணும். கடல் தொழிலாளர் ஒப்பந்தம்னு எம்எல்சி 2006 இருக்குல்ல, அதுல கொண்டு வந்த திருத்தம் 2024 டிசம்பர் 23ல இருந்து அமலுக்கு வந்துருச்சு, கப்பல்ல இருக்கிறவங்க வீட்டோட தொடர்புல இருக்க வசதி பண்ணிக் கொடுக்கணும், முடிஞ்ச அளவு இன்டர்நெட் கொடுக்கணும், காசு வாங்கினாலும் நியாயமா வாங்கணும்னு. உங்க பையன கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட சம்பளத்தோட சேத்து இதையும் கேளுங்க. மாசம் எத்தனை ஜிபி, யார் காசு கட்டுறாங்க, சொந்த கேபின்ல கிடைக்குமா. கேக்க கூச்சப்படாதீங்க. இன்னொன்னு, சொந்தமா சாட்டிலைட் போன் வாங்கி பெட்டியில போட்டு அனுப்பிடாதீங்க. இந்தியாவுல துரையா, இரிடியம் போன் எல்லாம் அனுமதி இல்லாம வச்சிருந்தா ஏர்போர்ட்லயே கேஸ் ஆயிடும், தெரியாம கொண்டு வந்து மாட்டினவங்க இருக்காங்க.

பெரிய கப்பல் கதை இது. சின்ன வள்ளத்தோட கதைதான் எனக்கு இன்னும் முக்கியம்.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்தப்போ நான் இங்கதான் இருந்தேன். எங்க ஊர்க்காரங்க தங்குகடல் போறவங்க, போனா பத்து நாள் இருபது நாள் ஆழ்கடல்லயே கிடப்பாங்க. புயல் எச்சரிக்கை கரைக்கு வரும்போது அவங்க எங்கயோ இருந்தாங்க. மொபைல் சிக்னல் கரையில இருந்து 10, 12 கிலோமீட்டரோட செத்துரும், விஹெச்எஃப் வயர்லெஸ் நேர்கோட்டுல போறது, ஆன்டெனா உயரத்தப் பொறுத்து இருபது மைல் தாண்டினா பெரும்பாலும் நிக்காது. அதுக்கு அப்பால இருக்கிறவனுக்கு யார் சொல்றது? எத்தனை பேரு திரும்பி வரவே இல்ல. அதுக்கப்புறம்தான் ஜெமினின்னு ஒரு கருவி வந்துச்சு, சாட்டிலைட் வழியா புயல் எச்சரிக்கைய நடுக்கடல்ல இருக்கிறவன் போனுக்கு காட்டும், 2019ல வெளியிட்டாங்க. நல்ல விஷயம். ஆனா அது கேக்க மட்டும்தான், திருப்பி நாம ஒண்ணும் சொல்ல முடியாது. ஆபத்துன்னு நாம சொல்றதுக்கு வேற ஒண்ணு வேணும்.

அதுதான் பீக்கான். கப்பல்ல இபர்ப்னு சொல்வோம், கையில வச்சுக்கிற சின்னதுக்கு பிஎல்பி. ஆபத்துல அமுக்கினா 406 மெகாஹெர்ட்ஸ்ல சிக்னல் விடும், அத சாட்டிலைட் வழியா பிடிச்சு மீட்பு சென்டருக்கு சொல்ல காஸ்பாஸ் சார்சாட்னு ஒரு ஏற்பாடு, அமெரிக்கா, ரஷ்யா (அப்போ சோவியத்), கனடா, பிரான்ஸ் நாலும் பனிப்போர் காலத்துலயே சேந்து ஆரம்பிச்சது, 1982லயே முதல் உயிரைக் காப்பாத்தியாச்சு. இதுல மாசா மாசம் கட்டணமே கிடையாது ஐயா! ஒரு தடவை கருவி வாங்கினா போதும், ரீசார்ஜ் இல்ல சிம் இல்ல. ஜிபிஎஸ் உள்ள கருவின்னா சில நிமிஷத்துல இடம் எங்கன்னு மீட்பு சென்டருக்கு போயிரும், இபர்ப் 48 மணி நேரமாவது விடாம கத்திட்டே இருக்கும். இந்தியாவுல இஸ்ரோவே மீனவங்களுக்குன்னு டாட்னு ஒரு கருவி செஞ்சிருக்கு, புது மாடல்ல உங்க தகவல் வந்துருச்சுன்னு பதிலும் திரும்பி வரும். தண்ணியில கிடக்கிறவனுக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய தெம்புன்னு யோசிச்சுப் பாருங்க.

சாட்டிலைட்னாலே வீடியோ பாக்கிற இன்டர்நெட்னு நினைக்கிறதுலதான் சிக்கல். உயிரைக் காப்பாத்துற செய்தி நாலு எழுத்து, ஒரு இடக்குறி. அதுக்கு பெரிய டிஷ் வேண்டாம். அதே மாதிரி டூனா பிடிக்கிற பெரிய படகுல எல்லாம் விஎம்எஸ்னு ஒரு பெட்டி இருக்கும், படகு எங்க நிக்குதுன்னு சாட்டிலைட் வழியா சொல்லிட்டே இருக்கும். அதிகாரிங்க கண்காணிக்கத்தான் வச்சது, ஆனா போர்ட் லூயில மீன் பதப்படுத்துற தொழிற்சாலை எல்லாம் டூனாவ நம்பி ஓடுது, சட்டப்படி பிடிச்ச மீன்னு காட்டினாத்தான் ஐரோப்பாவுல வாங்குவான், அந்தப் பெட்டி இல்லாம அந்த யாவாரமே இல்ல.

இனி கரைக்கு வரேன். இந்த நாடு ஒரு தீவு மட்டும் இல்ல, ராட்ரிக்ஸ் இருக்கு, வடக்கே 1,000 கிலோமீட்டர் தள்ளி அகலேகா இருக்கு, செயின்ட் பிரான்டன் தீவுகள்ல மீன் பிடிக்கிறவங்க மாசக்கணக்குல தங்குறாங்க. ராட்ரிக்ஸ்க்கு கடலடி கேபிள் வந்ததே 2019லதான், அதுவரைக்கும் எல்லாமே சாட்டிலைட். அந்தக் காலத்து சாட்டிலைட் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்துல இருக்கிறது, பேசினா அரை செகண்ட் கழிச்சுத்தான் பதில் கேக்கும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்குவாங்க. இப்போ சுமார் 500 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட்டுல அந்தத் தொல்லை இல்ல. கேபிள் வந்துருச்சு இனி சாட்டிலைட் எதுக்குன்னு எங்க ஆளுங்களும் கேக்குறாங்க. டோங்காவப் பாருங்க. 2022 ஜனவரி 15ல எரிமலை வெடிச்சு இருந்த ஒரே வெளிநாட்டு கேபிளும் அறுந்து அஞ்சு வாரம் நாடே சாட்டிலைட்டத்தான் நம்பி இருந்துச்சு. எங்களுக்கு எரிமலை பயம் இல்ல, புயல் இருக்கு. 2024 ஜனவரில பெலால் வந்தப்போ போர்ட் லூயி ரோட்டுல காரெல்லாம் மிதந்துச்சு, அந்த டிசம்பர்ல சீடோ அகலேகாவ அடிச்சுது.

பெலால் அன்னிக்கு எங்க தெருவுல கரண்ட் போச்சு, டவர் பேட்டரியும் தீந்துச்சு. சின்னம்மா அதான் மனைவியோட சித்தி ஒரு டபாஜி வச்சிருக்காங்க, நம்ம பெட்டிக்கடை மாதிரி. இங்க எல்லாரும் போன்லயே பணம் கட்டிப் பழகிட்டாங்க, அன்னிக்கு யார் கையிலயும் நோட்டு இல்ல, சின்னம்மா நோட்டுப் புத்தகத்துல பேர் எழுதி அரிசி, ரொட்டி, மெழுகுவத்தி எல்லாம் கொடுத்தாங்க. எல்லாரும் தெரிஞ்சவங்க, அதனால நடந்துச்சு. பெரிய ஊர்ல நடக்குமா?

இதுக்கு ஒவ்வொரு கடையும் சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ் வாங்கணும்னு நான் சொல்லல. நாலஞ்சு கடையோ, ஒரு மீனவர் கூட்டுறவு சங்கமோ, ஒரு கோயிலோ சேந்து ஒண்ணு வாங்கினா போதும். இங்க தைப்பூசக் காவடிக்கு நாங்க வசூல் பண்ற மாதிரி பண்ணினா ஒரு வருஷத்துல சேந்துரும். கோயில் மண்டபம்தான் புயல் நேரத்துல சனம் வந்து ஒதுங்குற இடம், அங்க ஒரு டிஷ், ஒரு பேட்டரி, ரெண்டு சோலார் தகடு. சாதாரண டிஷ் 50ல இருந்து 100 வாட் வரைக்கும் இழுக்கும், ஒரு ஃபேன் அளவு கரண்ட்தான். புயல் காத்துக்கு முன்னாடி டிஷ்ஷ கழட்டி உள்ள வைக்கணும், அடிச்சு ஓஞ்சதும் மாட்டணும், கனமழைல இந்த வகை சிக்னல் கொஞ்ச நேரம் விட்டுப் போகும், அதையும் தெரிஞ்சு வச்சுக்கணும். மழைக்கு அசராதது எல் பேண்ட்ங்கிற அலைவரிசையில வேலை செய்ற சாட்டிலைட் போன்தான், ஸ்பீடு கம்மி ஆனா பேச்சு கேக்கும். அதையும் வீட்டுக்குள்ள வச்சுப் பேச முடியாது, வானம் தெரியணும். உரிமம் எங்க வாங்கணும்னு அந்தந்த நாட்டு விதியப் பாத்துத்தான் எதையும் வாங்கணும்.

நம்ம அப்துல் கலாம் ஐயா 2004லயே ஆப்பிரிக்கா முழுக்க சாட்டிலைட்டும் கேபிளும் சேத்து ஆஸ்பத்திரிங்களையும் யுனிவர்சிட்டிங்களையும் இந்தியாவோட இணைக்கணும்னு சொன்னாரு, 2009 பிப்ரவரில அது நடந்துச்சு, மொரீஷியஸும் அதுல இருந்துச்சு. ராமேஸ்வரத்துல படகுக்காரர் வீட்டுல பொறந்தவர் யோசிச்சது, தூரத்துல இருக்கிற நோயாளிக்கு டாக்டர் எப்படிக் கிடைப்பாருன்னுதான். உங்க கட்டுரையில இந்தப் பக்கத்த எதிர்பாத்துத்தான் நான் தேடினேன்.

அதனால ஐயா ஒரு வேண்டுகோள். உங்க பேப்பர்ல வாராவாரம் மீனவர் பக்கம் வருது, கடல் அலை உயரமெல்லாம் போடுறீங்க. அதுல ஒரு ஓரத்துல பீக்கான் பதிவு பண்றது எப்படின்னு திரும்பத் திரும்பப் போடுங்க. வாங்கினவங்கள்ல நிறைய பேரு பதிவே பண்றதில்ல. வர்ற சிக்னல்ல பெரும்பாலானது தெரியாம அமுக்கினதுதான், அதனால சென்டர்ல முதல்ல வீட்டு நம்பருக்கு போன் பண்ணி படகு உண்மையிலேயே கடல்லதான் இருக்கான்னு கேப்பாங்க, நம்பர் இல்லன்னா அந்த நேரம் வீணாப் போகும். படகை வித்தா பேர மாத்தணும், போன் நம்பர் மாத்தினா அதையும் சொல்லணும். நம்பர்னு போடுறது கடல்ல கூட வர்றவன் நம்பரா இருக்கக் கூடாது, கரையில இருக்கிற அம்மாவோ மனைவியோ யாராவது போன எடுக்கிறவங்க நம்பரா இருக்கணும்.

போன மாசம் மச்சானோட பிரோக்ல இருந்த பீக்கான எடுத்துப் பாத்தேன். பேட்டரி தேதி முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு, அதோட மூணு வருஷம் முன்னாடி அவர் தூக்கிப்போட்ட சிம்மோட நம்பர்தான் பதிவுல இருந்துச்சு. பேட்டரி மாத்தக் கொடுத்திருக்கோம், புது நம்பரா அவர் மனைவி நம்பரைப் போட்டாச்சு, பேட்டரி வர்ற வரைக்கும் அவர் லாகூன், அதாவது பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கிற கடல், தாண்டிப் போகக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க, அவரும் போகல.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
மாஹேபூர், மொரீஷியஸ்