ஒரு கேள்விக்குப் பல துறைகள் தேவை: பல்கலைக்கழகங்களின் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக ஆராய்ச்சிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மருந்து பற்றிய ஆய்வு மருத்துவப் பக்கத்திலும், கருவி பற்றிய ஆய்வு அறிவியல் பக்கத்திலும், நிர்வாகம் பற்றிய ஆய்வு வணிகப் பக்கத்திலும் வெளியாகின்றன. வாசகருக்கு இந்தப் பிரிவினை வசதியானது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் இதே பிரிவினையை ஆராய்ச்சிக்கே வேலியாகப் போட்டுவிட்டன என்பதுதான் என் கவலை. கல்லூரியில் நெடுங்காலம் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், மதுரைக்காரன் என்ற முறையிலும், எங்கள் ஊரிலேயே இதற்கு மாறாக நடந்த ஒன்றை எடுத்துக்காட்டி, துணைவேந்தர்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன்.

மதுரை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்பதும், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அவர் லட்சம் பேருக்கு மேல் கண் அறுவை செய்தார் என்பதும் இப்பக்கத்து மக்கள் அறிந்த செய்திகள். அந்த மருத்துவமனையின் சேவையைப் பாராட்டி நிறையவே எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அங்கு நடந்த ஆராய்ச்சிகளைப் பற்றி. தேவையில்லாமல் பார்வை இழப்பவர்களை எப்படித் தடுப்பது என்ற ஒற்றைக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அதைப் பின்தொடர்ந்து போனவர்கள் பொறியியலுக்கும், சந்தை ஆய்வுக்கும், குழந்தைகளின் ஊட்டச்சத்துக்கும், கணினிக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

முதலில் லென்ஸை எடுத்துக்கொள்வோம். கண்புரையை அகற்றிய பிறகு கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தாவிட்டால், நோயாளி தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் இருட்டுத்தான். வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது என்று பன்னாட்டு வல்லுநர்கள் பலர் கருதினார்கள். 1992-இல் அரவிந்தின் சார்பில் ஆரோலேப் என்ற லென்ஸ் உற்பத்திக்கூடம் மதுரையில் தொடங்கப்பட்டது. லென்ஸின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இது பொறியியலாளர்களின் வெற்றி. ஆனால் விலை குறைந்த மாத்திரத்தில் மருத்துவக் கேள்வி தீர்ந்துவிடாது. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது பழைய முறையைப் போலவே பாதுகாப்பானதா, பார்வை உண்மையிலேயே மேம்படுகிறதா என்பதற்குச் சான்று வேண்டும். அதற்காக லண்டன் ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, இரு கண்களிலும் பார்வை மங்கிய 3,400 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். 1998-இல் வெளியான அந்த முடிவுகள், பாதுகாப்பில் குறைவில்லை என்பதோடு, லென்ஸ் பொருத்திக்கொண்டவர்களின் அன்றாட வாழ்க்கை கூடுதலாக மேம்பட்டதையும் காட்டின. ஒரு பட்டறையின் கணக்கும் ஒரு மருத்துவப் பரிசோதனையின் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால்தான் இன்று சாதாரணக் கூலித் தொழிலாளியின் கண்ணிலும் அந்த லென்ஸ் இருக்கிறது.

அடுத்துச் சொல்லப்போவது இன்னும் முக்கியமானது. அறுவை இலவசம், லென்ஸும் உண்டு, கிராமத்துக்கே முகாம் வருகிறது. இருந்தும் பார்வை இழந்தவர்கள் ஏன் வருவதில்லை? இதை மருத்துவ நூல்களில் தேடிப் பயனில்லை. இது மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வி, வணிகவியல் மாணவர்கள் நுகர்வோர் நடத்தை என்ற தலைப்பில் படிக்கும் அதே கேள்வி. கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் ஒருவகைப் பிரசாரமும் வேறு சிலவற்றில் வேறுவகைப் பிரசாரமும் செய்து, செலவில் எவ்வளவை ஏற்றுக்கொள்வது என்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பயணச் செலவும் சாப்பாடும் உட்பட முழுச் செலவையும் ஏற்ற கிராமங்களில் அறுவைக்கு உடன்பட்டவர்கள் அதிகம் என்று 1991-இல் வெளியான ஆய்வு கூறியது. அறுவை மட்டும் இலவசம் என்பது ஏழைக்கு இலவசமல்ல. பேருந்துக் கட்டணம், துணைக்கு வரும் மகனின் ஒருநாள் கூலி, வீட்டில் ஆடு மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று அவருக்கு வேறு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது ஆராய்ச்சி இல்லையென்றால் வேறு எது ஆராய்ச்சி?

1999-இல் வெளியான இன்னொரு ஆய்வு, அந்த மருத்துவமனைக்கே கசப்பான செய்தியைத் தந்தது. முகாம் நடந்த கிராமங்களில் வீடு வீடாகச் சென்று விசாரித்ததில், கண்ணில் குறையுள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினர் மட்டுமே முகாமுக்கு வந்திருந்தது தெரிந்தது. அறுவை பற்றிய பயம், செலவு, குடும்பப் பொறுப்பு, வயதானால் கண் மங்கத்தானே செய்யும் என்ற எண்ணம் என்று மற்றவர்கள் காரணங்களைச் சொன்னார்கள். முகாம்களில் திரண்ட கூட்டத்தைப் படமெடுத்து மாட்டிப் பெருமைப்பட்டிருக்கலாம். அவர்கள் வராதவர்களை எண்ணினார்கள். புள்ளியியல் ஆசிரியனாக நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான். கையில் கிடைத்த எண்ணைவிட, கணக்கில் வராமல் போனவர்களின் எண் பெரிய உண்மையைச் சொல்லும். நிலையான பார்வை மையங்கள் சிறு ஊர்களில் திறக்கப்பட்டது இதற்குப் பின்னர்தான். அந்த மையங்களில் இருக்கும் நோயாளியை நகரத்து மருத்துவர் திரையில் பார்த்துப் பேசுவதற்கு, தேனிப் பகுதியில் நெடுந்தொலைவு வைஃபை இணைப்பை அமைத்துத் தந்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர்கள்.

கண்ணைப் பற்றிய கேள்வி குழந்தைகளின் உயிரைப் பற்றிய கேள்வியாக மாறியதும் உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கருவிழி கெடும் என்பது பழைய அறிவு. அந்தக் குறைபாடு இறப்புக்கும் காரணமாகிறதா என்று அறிய, டாக்டர் லைலா ரஹமத்துல்லா தலைமையில் அன்றைய திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் ஆய்வு நடந்தது. ஊழியர்கள் வாரந்தோறும் வீட்டுக்கே போய்ச் சிறிய அளவில் வைட்டமின் ஏ சொட்டு மருந்தைப் புகட்டினார்கள். மற்றொரு பிரிவுக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ இல்லாத சொட்டு மருந்து. வைட்டமின் ஏ பெற்றவர்களிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. 1990-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் அதை வெளியிட்டது. நம் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் வாரந்தோறும் கதவைத் திறந்து குழந்தையை மடியில் வைத்துக் கொடுத்த ஒத்துழைப்பு உலக மருத்துவத்தின் சான்றுகளில் ஒன்றாக இருக்கிறது என்பதை நம் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

கதிரடிக்கும்போது கண்ணில் வைக்கோல் குத்தியோ, உமி பட்டோ வரும் பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்ற ஆய்வையும் இங்கு குறிப்பிட வேண்டும். 323 நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், புதிய மருந்தான வொரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசினே மேலானது என்று தெரிந்தது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்திலிருந்து கணினியே கண்டறியும் கூகுள் நிறுவனத்தின் ஆய்வில் அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கேற்றன. அண்மையில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்களும் வந்தார்கள். அரவிந்தில் ஒரு கண்புரை அறுவையால் வெளியாகும் கரிமத்தின் அளவு, பிரிட்டனில் அதே அறுவையால் வெளியாவதில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்று 2017-இல் எழுதினார்கள்.

மேலாண்மைத் துறைக்கு வருகிறேன். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார்ப்படுத்தி வைப்பது, மருத்துவர் நுண்ணோக்கியை அப்படியே திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணைத் தொடங்குவது, பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் மற்ற வேலைகளையெல்லாம் ஏற்றுக்கொள்வது என்ற இந்த ஒழுங்கை ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இலேயே பாடமாக்கிவிட்டது. எழுதியவர் அங்குள்ள பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன். பின்னர் கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத் தம் நூலில் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். மதுரையில் நடந்ததைப் பாஸ்டன் நகரத்து வகுப்பறையில் விவாதிக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள எம்.பி.ஏ. வகுப்பறைகளிலும் அதே ஆர்வத்தைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் நம் நடைமுறை வேறு. ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக் குழுவில் நான் அமர்ந்திருந்தபோது, மேலாண்மைத் துறை மாணவி ஒருவர், அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பகுதியில் சர்க்கரை நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தையும், அந்தக் காத்திருப்பால் எத்தனை பேர் அடுத்த முறை வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பதையும் ஆராய விரும்பினார். சமூக மருத்துவப் பேராசிரியர் ஒருவர் இணை நெறியாளராக இருக்கவும் சம்மதித்திருந்தார். இது நம் துறைத் தலைப்பு அல்ல என்று குழுவில் பெரும்பான்மையோர் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அம்மாணவி செவிலியர்களின் பணித் திருப்தி பற்றி, முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் உடன்படவில்லை என்பது வரை ஐந்து கட்டங்கள் உள்ள வினாத்தாளைக் கொடுத்து வாங்கி, அட்டவணைகள் போட்டு, பட்டம் பெற்றார். அவர் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்விக்கு விடை கிடைத்திருந்தால் ஒரு மருத்துவமனையின் காலை நேரமே மாறியிருக்கக்கூடும்.

இதற்கு விதிகள் தடையல்ல. பல்துறை சார்ந்த ஆய்வுக்குத் துறைக்கு வெளியிலிருந்தும், பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்தும்கூட இணை நெறியாளரை நியமிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் தெளிவாக அனுமதிக்கின்றன. தயக்கம் நம்மிடம்தான். இணை நெறியாளருக்கு அந்த ஆய்வு பதவி உயர்வில் எப்படிக் கணக்கிடப்படும், ஆய்வேட்டை மதிப்பிட எந்தத் துறைப் பேராசிரியரை அழைப்பது, நிதி எந்தத் துறையின் கணக்கில் வரும் என்ற சிறு சிக்கல்களை யாரும் தீர்த்து வைக்காததால், நல்ல கேள்விகள் வாசலிலேயே திரும்பிப் போகின்றன. ஒரே துறைக்குள் ஆழ உழுவதும் வேண்டும்தான். அடிப்படை அறிவியலில் அது இல்லாமல் எதுவும் நடக்காது. நான் கேட்பது, மக்களின் துன்பத்திலிருந்து எழும் கேள்விகளுக்காவது துறை எல்லையைத் தளர்த்த வேண்டும் என்பதே.

உப்பளத்தில் வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மருத்துவரும் வேண்டும், வெப்பத்தை அளக்கும் இயற்பியலாளரும் வேண்டும், வேலை நேரத்தை அதிகாலைக்கு மாற்றினால் கூலியும் உற்பத்தியும் என்னவாகும் என்று கணக்கிடும் பொருளியலாளரும் வேண்டும். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் இந்த மூவரும் இருக்கிறார்கள். வரும் கல்வியாண்டில் தென்மாவட்டப் பல்கலைக்கழகங்கள் சில இடங்களையாவது இத்தகைய கூட்டு ஆய்வுகளுக்கென ஒதுக்கி, இரு நெறியாளர்களுக்கும் சம மதிப்பெண் என்று ஆட்சிக்குழுவில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் துணைவேந்தர்களைப் பேட்டி காணும்போது, கடந்த ஆண்டில் இரு துறை நெறியாளர்களின் கீழ் எத்தனை பேருக்கு முனைவர் பட்டப் பதிவு அளித்தீர்கள் என்ற கேள்வியை அவர்களிடம் கேட்டு, விடையை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்,
மதுரை.