ஓவிங்ஸுக்கு ஒரே வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க மல்யுத்த வீரர் டான் கேபிளைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. மல்யுத்தம் என்றால் ஒலிம்பிக்கில் நம் ஊர்ப் பெண் நூறு கிராம் கூடிப் பதக்கத்தை இழந்தது மட்டுமே நினைவுக்கு வரும் இந்தக் காலத்தில், அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். இனி என் சண்டை.

கட்டுரையின் நடுவில் ஒரு வரி: ‘கல்லூரிக் காலத்தின் கடைசிப் போட்டியில் மட்டும் முகம் தெரியாத ஒரு மாணவனிடம் தோற்றார்.’ அந்த மாணவனுக்கு முகம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. லாரி ஓவிங்ஸ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பி.டி. மாஸ்டராக இருந்தவன். வேலூர் லாங் பஜாரில் ஒரு பழைய பேப்பர் கடையில், நாற்பது காசுக்கு, அட்டை கிழிந்த அமெரிக்க விளையாட்டு இதழ் ஒன்றை வாங்கினேன். எந்த மருத்துவர் படித்துவிட்டுப் போட்டதோ தெரியாது. இந்த ஊரில் அப்போது அப்படிப்பட்ட இதழ்கள் எடைக்கு வரும். ஓவிங்ஸின் பெயரை முதன்முதலில் அதில்தான் படித்தேன். அரைகுறை ஆங்கிலத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தது. அந்தப் பழைய போட்டியின் படச்சுருள் இப்போது பேரனின் கைபேசியிலேயே கிடைக்கிறது. பத்து முறையாவது பார்த்திருப்பேன்.

கேபிளின் பெருமையைக் குறைக்க எழுதவில்லை. அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ ஊர்க்காரர். பள்ளியில் மோதிய 64 போட்டிகளிலும் வெற்றி. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 117 போட்டிகளிலும் வெற்றி. ஆக 181. பள்ளியில் படிக்கும்போதே அவருடைய அக்காள் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். அந்த வீட்டில் இனி எப்படி இருப்பது என்று பெற்றோர் தவித்தபோது, அக்காளின் அறைக்கு நான் குடிபோகிறேன் என்று சொன்ன பையன் அவர். அந்த மனத்திடம் யாருக்கு வரும்? 1970 மார்ச் மாதம், எவன்ஸ்டன் நகரில் தேசியக் கல்லூரி இறுதிப் போட்டி. 182ஆவது வெற்றியோடு கேபிள் கல்லூரி வாழ்க்கையை முடிக்கப்போகிறார் என்று தொலைக்காட்சிக்கு முன்கூட்டியே அவரையே விளம்பரம் பேசவைத்து எடுத்தார்கள். நம் பக்கத்தில் இதைக் கண்படும் வேலை என்பார்கள்.

இனி ஓவிங்ஸ் செய்ததைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் அவர் மோதிவந்தது 158 பவுண்டு பிரிவில். கேபிளின் பிரிவு 142. இரண்டுக்கும் இடையே ஏழு கிலோ. தன் பிரிவிலேயே இருந்து மரியாதையாக ஒரு பதக்கத்துக்கு முயன்றிருக்கலாம். அவரோ, கேபிளோடு மோதுவதற்காகவே 142க்கு இறங்குகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு இறங்கினார். சும்மா வாய்ச்சவடால் இல்லை. 1968இல், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் கேபிளிடம் 13-4 என்று மண்ணைக் கவ்வியவர் அவர். அடி வாங்கிய இடத்துக்கே தேடிப் போனார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எடையைக் குறைத்ததை நான் பாராட்டவில்லை. 1997இல் அதே அமெரிக்காவில், எடை குறைப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல், வெந்நீராவி அறையில், ரப்பர் உடை மாட்டிக்கொண்டு வியர்த்த மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் சில வார இடைவெளிக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அந்த உடைக்கும் அறைக்கும் தடை வந்தது, எடைப் பிரிவுகளையும் உயர்த்தினார்கள். மே மாதத்து வேலூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகளை நேதாஜி விளையாட்டரங்கைச் சுற்றி நானே பார்த்திருக்கிறேன். கண்ணில் பட்டால் பிடித்து நிறுத்துங்கள்.

அந்த இறுதிப் போட்டியில் ஓவிங்ஸ் தொடக்கத்திலேயே முந்திவிட்டார். கேபிள் ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்துக்கொண்டு வந்து 10-9 என்று தாண்டினார். ஏறக்குறைய அரை நிமிடம்தான் பாக்கி. அவர்களின் கல்லூரி விதிப்படி, எதிராளியை அடியில் அமுக்கிவைத்திருந்த நேரம் ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தால் கடைசியில் ஒரு புள்ளி தனியாகச் சேரும். அதுவும் கேபிளின் கணக்கில் இருந்தது. காலத்தை ஓட்டினாலே போதும். அந்த நேரத்தில் ஓவிங்ஸ் காலைப் பிடித்துச் சாய்த்தார், சாய்த்த வேகத்தில் முதுகைத் தரைப்பக்கம் திருப்பினார். இரண்டும் இரண்டும் நான்கு புள்ளிகள். முடிவு 13-11. போட்டியின் சிறந்த வீரர் என்றும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது இரண்டாம் இடத்தில் நின்ற கேபிளுக்கு. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து நீங்களும் அவருக்குத்தான் தட்டியிருக்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தொண்ணூறுகளின் நடுவில், வடார்க்காடு என்பது வடார்க்காடு அம்பேத்கராகி, அதுவும் வேலூராகி, அலுவலகங்களில் ரப்பர் முத்திரைகள் மாறிக்கொண்டிருந்த காலம். என்னிடம் ஒரு பையன் இருந்தான். லாரியில் மூட்டை ஏற்றுபவரின் மகன். பாலாற்று மணலைக் கொட்டி நாங்களே போட்ட கோதாவில் பழகியவன். மேட் என்பதைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். எடை பார்ப்பது அரிசி மண்டித் தராசில். மாவட்டப் போட்டியில் அவனுடைய பிரிவில் வேறொரு பள்ளிப் பையன் இருந்தான். இரண்டு ஆண்டுகளாக அவனை யாரும் சாய்த்ததில்லை. தோள் இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எடை பார்க்கும் நாள் காலையில் என் பையனுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு செம்புத் தண்ணீரும் கொடுத்து, மேல் பிரிவுக்கு ஏற்றிவிட்டேன். அந்தப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தவன் ஒருவனே, அவனும் வரவில்லை. தங்கப் பதக்கம். கை குலுக்கக்கூட ஆள் இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் கேட்டான்: “யாரை ஜெயித்தாய் என்று அப்பா கேட்டால் என்ன சொல்வது சார்?”

ஜன்னலோரம் காற்று வாங்குவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்தச் சான்றிதழ் வீணாகவில்லை. அதைக் காட்டித்தான் அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். மறுபடியும் அதே காலை, அதே தராசு என்றால் வாழைப்பழத்தைக் கொடுக்காமல் இருப்பேனா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. காலி இடம் பார்த்துப் பிள்ளையை நுழைக்கும் இந்த வித்தையை இன்றும் செய்கிறார்கள். பெற்றோரே கேட்கிறார்கள். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, எந்தப் பிரிவில் ஆள் குறைவு சார் என்கிறார்கள்.

என்னை உறுத்துவது இன்னொருவனின் கதை. அந்த உலக்கைத் தோள்காரன். என்னைப் போலவே மற்ற மாஸ்டர்களும் தங்கள் பிள்ளைகளை மேலேயும் கீழேயும் நகர்த்தியதால், அந்த ஆண்டு மாவட்டத்தில் அவனுக்கு உருப்படியான போட்டி ஒன்றுகூட அமையவில்லை. மாநிலப் போட்டிக்குப் போனான். முதல் சுற்றிலேயே, இரண்டு நிமிடத்துக்குள், முதுகு தரையைத் தொட்டது. நான் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். தன்னை யாராவது இப்படிப் பிடிப்பார்கள் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மிரண்டுபோய் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அதற்குப் பிறகு அவன் கோதாவுக்கே வரவில்லை என்று கேள்வி. ஆறு பள்ளி மாஸ்டர்கள் சேர்ந்து அவனைத் தோற்கடித்தோம். அதில் நானும் ஒருவன்.

கேபிளுக்கு ஒரு ஓவிங்ஸ் வாய்த்தார். தோல்விக்குப் பிறகு கேபிள் வெறிபிடித்தவர்போல் பயிற்சி செய்தார். 1971இல் சோஃபியாவில் உலகச் சாம்பியன். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் 68 கிலோ பிரிவில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம். சோவியத் வீரரும் ஜப்பான் வீரரும் அவரிடம் ஒரு புள்ளி எடுக்க முடியவில்லை. அந்தத் தோல்விதான் தன்னைச் செதுக்கியது என்று கேபிளே பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக 15 தேசியப் பட்டங்கள். இதையெல்லாம் தங்கள் கட்டுரை அழகாகவே சொன்னது. ஆனால் மியூனிக் தங்கத்தில் ஒரு குந்துமணியாவது ஓவிங்ஸுக்குச் சேர வேண்டும் என்பது என் கணக்கு.

அந்த ஓவிங்ஸுக்கு என்ன ஆனது? 1971, 1972 இரண்டு ஆண்டும் தேசிய இறுதிப் போட்டி வரை வந்து தோற்றார். 1972 ஒலிம்பிக் தேர்வில் மறுபடியும் கேபிளை எதிர்கொண்டார். இந்த முறை கேபிள் 7-1 என்று வென்றார். ஓவிங்ஸ் ஒலிம்பிக் போகவில்லை. சொந்த மாநிலமான ஆரிகனில் பள்ளி ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். அவர் படித்த பல்கலைக்கழகத்தில் பின்னாளில் மல்யுத்த அணியையே கலைத்துவிட்டார்கள். பள்ளி ஆசிரியர் என்று படித்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். ஒரே சாதிக்காரர்கள் அல்லவா, நானும் அவரும்!

வேலூருக்கு எடைப் பிரிவு என்பது புதிய விஷயம் இல்லை. எங்கள் சத்துவாச்சாரிப் பிள்ளை சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த் போட்டிகளில், 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் 77 கிலோ பிரிவில் பளு தூக்கித் தங்கம் கொண்டுவந்தபோது, டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள்கூட எந்தப் பிரிவு, எத்தனை கிலோ என்று பேசினார்கள். கிளாஸ்கோவில் அவர் தூக்கியது மொத்தம் 328 கிலோ. ஆனால் பளுதூக்குதலில் எதிராளி இரும்பு. அது வராமல் இருக்காது, வேறு பிரிவுக்கு ஓடவும் ஓடாது. மல்யுத்தத்தில் எதிரே நிற்க ஒரு பிள்ளை வேண்டும்.

ஆகவே போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு கோரிக்கை. சான்றிதழில் முதலிடம் என்று எழுதுவதோடு, எத்தனை பேருடன் மோதினார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மோதவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். மூன்று பேருடன் மோதி மூன்றாம் இடம் பிடித்தவனுக்கு, ஆளில்லாத கோதாவில் நின்று வந்தவனைவிடக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம், பேனா போதும்.

அந்தப் பழைய பையன் போன மாதம் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். தலை நரைத்துவிட்டது. மகனுக்குப் பதினைந்து வயது. வட்டாரப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டுமாம், அவனுடைய எடையில் ஒரு முரட்டுப் பிள்ளை இருக்கிறானாம். “என்ன செய்யலாம் சார்?” என்று என்னையே கேட்கிறான். அவனுக்கு அந்த வாழைப்பழம் நினைவிருக்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ள எடையிலேயே பெயர் கொடு என்றேன். கொடுத்தான். பையன் 2-8 என்று தோற்றான். அன்று மாலை தொலைபேசியில், அந்த முரடனின் காலை எப்படிப் பிடித்து இரண்டு புள்ளிகள் எடுத்தான் என்பதைக் கால்மணி நேரம் சொன்னான். தோற்றதைப் பற்றி ஒரு நொடிகூடப் பேசவில்லை.

கடைசியாக ஒன்று. தங்கள் கட்டுரையோடு கேபிள் ஒலிம்பிக் பதக்கத்துடன் நிற்கும் படத்தைப் போட்டிருந்தீர்கள். 1970ஆம் ஆண்டுப் பரிசளிப்பு மேடையின் படமும் உண்டு. கேபிள் இரண்டாம் படியில் தலை குனிந்து நிற்பார். அடுத்த முறை அதைப் போடுங்கள். ஒரு படி மேலே நிற்பவரின் பெயரைப் படத்தின் கீழே எழுத்துப்பிழை இல்லாமல் அச்சிடுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். அந்த இரண்டு பிள்ளைகளையும் ஊரில் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.